எழுத்துக்கு அடியில் கிடக்கும் எண்

‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பாருங்கள். திரையில் மூன்று எழுத்தும் அழகாகத் தெரியும். ஆனால் கணினி தன் நினைவில் குறித்துக்கொண்டது தமிழே அல்ல. ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் அங்கே கிடக்கின்றன. எண்ணாகச் சொன்னால் 106, 107, 112, 111, 59. கண்ணால் வாசிப்பவருக்கு இந்த விளையாட்டு ஒருநாளும் தெரியவராது. காதால் வாசிக்கும் மாணவிக்கு முதற்சொல்லிலேயே தெரிந்துவிடும். திரையிலுள்ளதை அவளுக்கு உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. பார்த்துவிட்டு “ஜேகேபிஓ” என்று உளறுகிறது.

இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஏ4 வீதியோடு நீளும் ஊர்களில் படிப்பு என்றால் பாதி டியூட்தான். சாதாரண தரமோ உயர்தரமோ, ஆசிரியர் கையால் எழுதிக் கொடுப்பதைக் கடையில் அடித்து, போட்டோ கொப்பி எடுத்து, வகுப்பில் விநியோகிப்பார்கள். அந்தத் தட்டச்சு நெடுங்காலமாகப் பாமினியில் நடந்து வந்தது. அதில் பழகிய விரல்கள் இன்றும் அதையே தேடுகின்றன. தாளில் அச்சாகி வெளிவரும்வரை பாமினியில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கோப்பைக் காதுக்குக் கொடுக்கும்போதுதான் சிக்கல்.

கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த புதுமாப்பிள்ளை ஒருநாள் தானே தேநீர் போடலாம் என்று குசினிக்குள் நுழைகிறார். உப்பு என்று எழுதிய டப்பாவில் அந்த வீட்டில் சீனி இருக்கும். வீட்டாருக்கு அது பழக்கம், கை தானாகப் போய் எடுக்கும். மாப்பிள்ளைக்கு எழுதியிருப்பதை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. பழைய எழுத்துருக்கள் அப்படிப்பட்ட குசினிகள். ‘ஜே’ என்று பெயர் எழுதிய இடத்தில் ‘த’வின் படத்தை வைத்துக்கொண்டன. அந்த எழுத்துரு நிறுவிய கணினி வரைக்கும்தான் அந்த ஒப்பந்தம் செல்லும்.

யூனிகோட் என்ற பொதுக் குறிமுறை செய்தது டப்பாவுக்கு உள்ளே இருப்பதையே வெளியே எழுதியது. 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கப்பட்டது, 2944 முதல் 3071 வரை. அதன்படி ‘தமிழ்’ என்றால் 2980, 2990, 3007, 2996, 3021. இந்த ஐந்து எண்ணும் கல்முனையிலும் கனடாவிலும், கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரே பொருளையே தரும். ‘த’ இங்கே உண்மையாகவே ‘த’. திரைவாசிப்பானுக்குத் தேவைப்படுவதும் இவ்வளவுதான்.

திரைவாசிப்பான் என்ற மென்பொருள் ஒரு காலத்தில் பணக்காரச் சரக்காக இருந்தது. கணினியின் விலையை விட அதன் விலை கூட. 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற இளைஞர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார், பின்னர் ஜேம்ஸ் தே சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள், சிறுவயதில் ஓர் இசை முகாமில் நண்பர்களானவர்கள். பார்வையுள்ளவர் வாங்கும் கணினியில் திரை தனிக் கட்டணமின்றி வருகிறது, பார்வையற்றவர் மட்டும் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் பிடித்த பிடிவாதம். என்விடிஏ இன்றும் இலவசம். அதனோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறி தமிழும் பேசும். ஆன்ட்ராய்ட் தொலைபேசியில் டோக்பேக் என்ற திரைவாசிப்பான் ஏற்கனவே உள்ளே இருக்கிறது.

ஈஸ்பீக்கின் குரல் இனிமையானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மனிதக் குரலைப் பதிந்து வெட்டி ஒட்டும் வேலை அதில் இல்லை. தொண்டையும் வாயும் எந்த அதிர்வெண்களில் ஒத்ததிர்கின்றன என்ற கணக்கை வைத்து ஒலியை அது புதிதாகவே செய்கிறது. அதனால்தான் மிகச் சிறிய பொதியாக இருக்கிறது, பழைய கணினியிலும் ஓடுகிறது. பழகிய பார்வையற்ற மாணவர்கள் அதைச் சாதாரணப் பேச்சைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அது தேனீக் கூட்டின் இரைச்சல் மாதிரித்தான் கேட்கும்.

ஆக, காசு தடையில்லை. மென்பொருளும் தடையில்லை. தடை கோப்புக்குள் இருக்கிறது.

கோப்பு என்றவுடன் பி.டி.எப். நினைவுக்கு வரும். 1993இல் அது பிறந்த நோக்கம் வேறு: எந்த இயந்திரத்தில் அச்சிட்டாலும் பக்கம் ஒரே மாதிரி வரவேண்டும். அதனால் எந்த உருவத்தைத் தாளில் எந்த இடத்தில் வைப்பது என்பதே அதற்கு முக்கியம். என்ன எழுத்து என்பது இரண்டாம் பட்சம். யூனிகோட்டில் அடித்த தமிழே இங்கே அடிவாங்கும். ‘கொடி’ என்பதில் வரும் ‘கொ’வை யூனிகோட் முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி என்று ஒலிக்கும் வரிசையில் வைக்கிறது. தாளிலோ ஒற்றைக்கொம்பு முதலில், ககரம் நடுவில், கால் கடைசியில். பி.டி.எப். இந்தப் பார்வை வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டால், திரைவாசிப்பானுக்கு மெய்யெழுத்து இல்லாத அநாதைக் கொம்பு ஒன்றுதான் முதலில் கிடைக்கும். சோதிக்க வேண்டுமானால் ஒரு பி.டி.எப்.இலிருந்து ஒரு வரியைத் தெரிவுசெய்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கே என்ன தெரிகிறதோ அதுதான் பார்வையற்ற மாணவரின் பாடநூல்.

வட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது எல்லா வகுப்பும் தொலைபேசிக்குள் வந்தது. ஆசிரியர்கள் கொப்பியைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார்கள். பாடசாலைகள் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. டோக்பேக்குக்கு அது எத்தனை பக்கப் பாடமானாலும் பெரும்பாலும் ஒரே சொல்தான்: ‘படம்’. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இல்லாமலில்லை. டெசராக்ட் என்பது இலவசம், தமிழும் தெரியும். தெளிவான அச்சென்றால் நன்றாகவே பிடிக்கும். ஆனால் ரகரத்தையும் காலையும் குழப்பும், மங்கிய கொப்பியில் புள்ளியைத் தவறவிடும். கையெழுத்தென்றால் பெரும்பாலும் கைவிரிக்கும். 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடிச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் மின்தொகுப்பு நம் காலத்தின் பெரிய கொடை. அங்கும் வருடிய பக்கம் என்றால் அடிப்படையில் படமே, காதுக்கு அது எட்ட இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது.

சரி, எல்லாமே யூனிகோட்டில் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் இந்தக் கரைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தமிழில் ககரம் ஒன்றுதான், ஒலி பல. ‘கல்’ ஒரு விதம், ‘தங்கம்’ ஒரு விதம், ‘பகல்’ ஒரு விதம். இடம் பார்த்து ஒலிக்கும் விதியைப் பேச்சுப்பொறிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ‘பாத்திமா’ என்ற பெயரின் முதலெழுத்தை உதட்டை மூடாமல் காற்றை விட்டுச் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இஸ்லாம் பாடநூலைத் திறந்தால் தமிழ் வரிகளுக்கு நடுவே அரபு எழுத்தில் ஆயத்து வரும். அரபின் எண்கள் 1536இல் தொடங்குகின்றன, ஓட்டம் வலமிருந்து இடம். தமிழ்க் குரல் அங்கே வந்து முழிக்கும், அல்லது ஒன்றும் நடக்காததுபோலத் தாண்டிப் போகும். இந்த வரி அரபு என்று கோப்பில் மொழியைக் குறித்துவிட்டால், கணினியில் அரபுக் குரலும் இருக்கும் பட்சத்தில் என்விடிஏ அந்த இடத்தில் குரலை மாற்றி ஓதும். வேர்ட் கோப்பில் இதற்குச் சில விநாடிகள் போதும். செய்வாரைக் காண்பதுதான் அரிது.

ஒரு மொழியை வேறோர் எழுத்தில் ஏற்றுவது இந்தக் கரையின் முஸ்லிம் சமூகத்துக்குப் புதிதுமல்ல. அரபுத் தமிழ் என்று அரபு எழுத்துக்குக் கூடுதல் புள்ளி வைத்துத் தமிழ் எழுதியவர்கள் இவர்களுடைய மூத்தோர். புள்ளியாலேயே எழுதும் முறை ஒன்றும் இருக்கிறது, பிரெய்ல். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆறு புள்ளி, இரண்டு நிரல். இடது நிரலில் மேலிருந்து 1, 2, 3, வலதில் 4, 5, 6. எவை மேடாக இருக்கின்றன என்பதை வைத்து 63 வடிவங்கள் கிடைக்கும். இந்தியா சுதந்திரமடைந்த காலத்தில் அங்கே பல பிரெய்ல் முறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழங்கின. 1951இல் பாரதி பிரெய்ல் என்ற ஒரே முறைக்கு வந்தார்கள், இலங்கையும் பின்னர் அதை ஏற்றது. அதே காலத்தில் யுனெஸ்கோ உலக மொழிகளின் பிரெய்லை ஒன்றுக்கொன்று நெருக்கமாக்க முயன்றது. அந்த வேலையை முன்னின்று நடத்திய குளூதா மெக்கன்சி நியூசிலாந்துக்காரர், 1915இல் கலிப்பொலிப் போரில் பார்வை இழந்த படைவீரர். அவர்கள் பிடித்த நூல் எளிது: எழுத்தின் உருவத்தை விட்டுவிடு, ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்றாகட்டும்.

இதன் விளைவு கல்முனைப் பிள்ளைக்குத்தான் அதிகம் பயன்படும். தமிழின் ககரத்துக்கு 1, 3 ஆகிய புள்ளிகள். ஆங்கில ‘கே’க்கும் அதுவே, அரபின் ‘காப்’புக்கும் அதுவே. லகரம், ‘எல்’, ‘லாம்’ மூன்றுக்கும் 1-2-3. மகரம், ‘எம்’, ‘மீம்’ மூன்றுக்கும் 1-3-4. நகரம், ‘என்’, ‘நூன்’ மூன்றுக்கும் 1-3-4-5. அச்சில் அரபு வலமிருந்து இடம் போனாலும் அரபு பிரெய்ல் இடமிருந்து வலமாகவே ஓடுகிறது. பாடசாலையில் தமிழும் ஆங்கிலமும், ஓதல் பள்ளியில் அரபுமாக மூன்று எழுத்துமுறைகளோடு மல்லுக்கட்டும் பார்வையுள்ள பிள்ளையை விட, விரலால் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு விடயத்தில் சுமை குறைவு.

கேட்டாலே போதுமே, குரல் இருக்கும்போது பிரெய்ல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குர்ஆனை முழுவதும் காதால் கேட்டு மனனம் செய்த பார்வையற்ற ஹாபிழ்களின் மரபை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். மனனத்துக்கு அது சரி. பரீட்சைத் தாளில் எழுத்துப்பிழை பார்ப்பார்களே! பேச்சில் லகரமும் ளகரமும் ழகரமும் பலர் வாயில் ஒன்றாகிவிட்டன, நகரமும் னகரமும் காதுக்கு வேறுபடுவதே இல்லை. குரலை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை ‘வால்’, ‘வாள்’, ‘வாழ்’ மூன்றையும் எப்படிப் பிரித்து எழுதும்? விரலுக்கு அது சந்தேகமே இல்லை: ல 1-2-3, ள 4-5-6, ழ 1-2-3-5-6. லகரம் இடது நிரல் முழுவதும், ளகரம் வலது நிரல் முழுவதும். நகரம் 1-3-4-5, னகரம் 5-6. என் கணிப்பில், தமிழ் படிக்கும் பார்வையற்ற பிள்ளைக்கு ஆரம்ப வகுப்புகளில் பிரெய்லைத் தராமல் தொலைபேசியை மட்டும் தருவது அரைப் படிப்பு.

ஆனால் பிரெய்லுக்கு ஆசிரியர் வேண்டும், அச்சிடும் பொறி வேண்டும், தடித்த தாள் வேண்டும். தமிழ்மொழியில் இந்தப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற கைதடி நவீல்ட் பாடசாலை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அம்பாறைக் கரையிலிருந்து ஒரு சின்னப் பிள்ளையை அவ்வளவு தூரத்தில் விடுதியில் விட எத்தனை உம்மாமார் சம்மதிப்பார்கள்? ஊர்ப் பாடசாலையின் விசேட கல்வி அலகுதான் பெரும்பாலானோருக்கு வழி. அங்கே பிரெய்ல் நூல் வந்துசேர வேண்டுமானாலும் முதலில் வேண்டியது யூனிகோட் கோப்பே. யூனிகோட் உரையைப் பிரெய்லாக மாற்றும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஜேகேபிஓவைக் கொடுத்தால் அவையும் ஜேகேபிஓவைத்தான் புள்ளியாகக் குத்தும்.

இனி கணிதம். “வர்க்கமூலம் ஒன்பது சக பதினாறு” என்று ஆசிரியர் வாசிக்கிறார். விடை என்ன? மூலக்குறி ஒன்பதோடு நின்றுவிட்டால் 3 சக 16, ஆகவே 19. குறி பதினாறு வரைக்கும் நீண்டால் 25இன் வர்க்கமூலம், விடை 5. கரும்பலகையில் ஒரு கோட்டின் நீளம் சொல்லிவிடும் செய்தி, வாயால் வாசிக்கும்போது காற்றில் போய்விடுகிறது. பார்வையற்ற கணிதவியலாளர் ஏபிரகாம் நெமெத் 1952இல் வெளியிட்ட பிரெய்ல் கணிதக் குறிமுறையில் மூலக்குறி எங்கே முடிகிறது என்பதற்கே தனிக் குறி உண்டு. புனேயில் பிறந்து பதினாலு வயதில் பார்வை இழந்த டி.வி. ராமன், 1994இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்டத்துக்காக ஆஸ்டர் என்ற கருவியைச் செய்தார். அடுக்கு வந்தால் குரலின் சுருதி ஏறும், கீழ்க்குறி வந்தால் இறங்கும். சமன்பாட்டைக் காதால் பார்க்கவைத்த முதல் பெரிய முயற்சி அது. 1998இல் வந்த மேத்எம்எல் என்ற குறியீட்டு மொழி, சமன்பாட்டைப் படமாக வைக்காமல் அதன் கட்டமைப்போடு வைக்க வழிசெய்தது. வேர்டின் சமன்பாட்டுப் பெட்டியில் அடித்தால் அந்தக் கட்டமைப்பு காப்பாற்றப்படும். கையால் எழுதிப் படம் பிடித்து ஒட்டினால் போய்விடும். ஆசிரியர் கைவசம் ஒன்றுமே இல்லையென்றால், “ஒன்பது சக பதினாறு, இந்த முழுக் கூட்டுத்தொகைக்கும் வர்க்கமூலம்” என்று வாயைத் திறந்து சொல்லலாம். அதற்கு மின்சாரமும் தேவையில்லை.

படங்களுக்கு விளக்கம் எழுதுவதும் இதே கலை. சுனாமி எப்படி உருவாகிறது என்று ஒரு படம் பாடத்தில் வருகிறது. 2004 டிசம்பர் 26இல் மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் இழந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை, ஆனால் அறிவியலை விளக்க வேண்டும். ‘படம் 4: சுனாமி’ என்று எழுதினால் அது விளக்கமல்ல, பெயர்ப்பலகை. இப்படி எழுதலாம்: ‘கடலடியில் ஒரு புவித்தகடு மற்றதன் கீழே செருகியிருக்கிறது. விளிம்பு திடீரென மேலெழும்ப, மேலிருக்கும் நீர் முழுவதும் உயர்கிறது. 4000 மீற்றர் ஆழத்தில் அலை மணிக்கு 700 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது, உயரம் குறைவு. கரையை நெருங்க ஆழம் குறைகிறது, வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது.’ இதை எழுதி முடித்த ஆசிரியருக்குப் படத்தில் எது தேவை, எது அலங்காரம் என்பதும் பிடிபட்டுவிடும். பார்வையுள்ள மாணவர்களும் அந்த விளக்கத்தைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

மற்ற மாணவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மங்கலாகத் தெரியும் பிள்ளைக்குப் பெரிய எழுத்தும் தெளிவான கறுப்பு மையும் வேண்டும். பலமுறை கொப்பி எடுத்து வெளிறிப்போன டியூட்டைப் போல அவர்களுக்குப் பகை வேறில்லை. செவிப்புலனற்ற பிள்ளைக்குக் காணொளிப் பாடத்தின் கீழே எழுத்து ஓட வேண்டும். சைகைமொழியில் வளரும் பிள்ளைக்குத் தமிழே இரண்டாம் மொழி, ஆகவே வசனம் குறுகியதாக இருக்கட்டும். கையால் புத்தகத்தைப் பிடிக்க முடியாதவருக்கும், எழுத்துகள் இடம்மாறித் தோன்றும் வாசிப்புச் சிக்கல் உள்ளவருக்கும் நல்ல மின்கோப்பே போதும்.

சட்டம் எங்கே நிற்கிறது? இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளி என்பதற்காக எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி மறுக்கக்கூடாது என்றது. வாசற்கதவு திறந்தது, உள்ளே மேசையில் இருந்த புத்தகம் திறக்கவில்லை. அந்தப் பூட்டில் ஒன்று பதிப்புரிமை. ஒரு நூலைப் பிரெய்லாகவோ ஒலியாகவோ மாற்றுவதே பல நாடுகளில் உரிமை மீறலாக எண்ணப்பட்டது. 2013 ஜூன் 27இல் மொரோக்கோவின் மரக்கேஷ் நகரில் நிறைவேறிய உடன்படிக்கை அதற்கு விலக்குத் தந்தது. பார்வையற்றவர், வாசிப்புக் குறைபாடு உள்ளவர், நூலைக் கையில் பிடிக்க இயலாதவர் ஆகிய மூவகையினருக்கும் அது பொருந்தும். இப்படி மாற்றிய நூல்களை நாடு விட்டு நாடு அனுப்பவும் இடமளித்தது. முதலில் ஏற்ற நாடு இந்தியா, 2014இல். இலங்கை 2016இல் இணைந்தது, 2022இல் புலமைச் சொத்துச் சட்டத்தையும் அதற்கேற்பத் திருத்தியது. இந்தியாவின் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் இருக்கும் தமிழ் நூல் ஒன்று கல்முனை மாணவருக்கு வந்துசேர இன்று சட்டம் தடையில்லை. இலக்கியத்துக்கு அது பெரிய வரவு. பாடத்திட்டத்துக்கு உதவாது. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். நம் பாடநூலை நாமேதான் திறக்க வேண்டும்.

திறப்பது யார் கையில்? 1980 முதல் பாடநூல்களை இலவசமாகத் தரும் நாடு இது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அவற்றை இணையத்திலும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு தமிழ்ப் பாடநூலுக்கும் பி.டி.எப்.ஓடு சேர்த்து, தலைப்புகள் குறித்த, படங்களுக்கு விளக்கம் எழுதிய ஒரு யூனிகோட் கோப்பையும் திணைக்களம் வெளியிட வேண்டும். அச்சுக்குப் போகும் முன் அந்த உரை எப்படியும் ஒரு கணினியில் அடிக்கப்படுகிறது. அதைக் காப்பாற்றி வைப்பது புதுச் செலவல்ல. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அட்டாளைச்சேனையில் கல்வியியற் கல்லூரி இருக்கிறது. பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோட்டாக மாற்றிச் சரிபார்ப்பதை அங்குள்ள மாணவர்களின் செயற்றிட்ட வேலையாகக் கொடுக்கலாம். மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசம், பிழை பார்க்கத்தான் மனிதக் கண் வேண்டும்.

டியூட் எழுதும் ஆசிரியர்களுக்கும் அடித்துக் கொடுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த டியூட்டை யூனிகோட்டில் அடியுங்கள், படத்துக்குக் கீழே மூன்று வரி விளக்கம் எழுதுங்கள், தாளோடு வேர்ட் கோப்பையும் வகுப்புக் குழுவில் போடுங்கள். கேட்கும் மாணவர் உங்கள் வகுப்பில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டாம். கோப்பு திறக்காததால்தான் அவர் இன்னும் வகுப்புக்கு வராமல் இருக்கலாம்.